கொதிக்காத பித்தளை

தெய்வசிகாமணி பொய் சொல்வதென்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியவர் அல்ல. ஸ்கூட்டரில் வரும் வழியில் ஒன்றிரண்டு தொற்றிக்கொண்டன. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவை குட்டியும் போட்டுவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி கலாமணி சொன்னதில் மட்டும் பொய் கலப்பு இல்லை. "அவங்க சரின்னுட்டா போன் பண்ணுங்க. இல்லைன்னுட்டா, வர்ற வழியில பொட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வந்துருங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார்ஜாவுக்கு டிக்கெட் இருந்தது. பத்தொன்பது வருடம் அங்கே இருந்துவிட்டு, போதும் சாமி என்று ஊரோடு வந்து சேர்ந்தவர் சிகாமணி. ஆறு மாதம் வெளியே இருந்தால் அந்த ஊர் விசா செத்துவிடும். சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. இந்த ஆறு மாதத்தில் கோயமுத்தூரில் அவர் பார்க்காத வீட்டுச் சொந்தக்காரர் இல்லை, குடிக்காத காப்பி இல்லை, கிடைத்த வேலை ஒன்றும் இல்லை. இன்றைக்குச் செவ்வாய். கடைசியாக மிச்சம் இருந்தது கணபதி வட்டாரத்தில் அவினாசியப்பனின் கல்யாண மண்டபம்.

அந்த மண்டபம் முன்பு பம்பு செட்டுக்கு வார்ப்பு வார்க்கிற பவுண்டரியாக இருந்தது. பவுண்டரி அரசூருக்கு இடம் மாறியதும், அவினாசியப்பன் கூரையை உயர்த்தி, தரையில் கிரானைட் போட்டு, உலை இருந்த இடத்தில் மணமேடை கட்டிவிட்டார். ஆட்களில் இரண்டு பேரை மட்டும் விடவில்லை. ஒருவர் நாச்சிமுத்து. நாற்பது வருடம் மணலில் அச்சு எடுத்தவர். இப்போது மண்டபத்துச் சாவிக்கொத்து அவர் இடுப்பில். இன்னொருவர் மாராத்தாள். பவுண்டரியில் வார்ப்புக்குள் வைக்கிற மணற்கட்டி பிடித்தவள், இப்போது சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிறாள்.

பத்து மணிக்கு மூன்று பேரும் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவினாசியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில். மாராத்தாள் தரையில், முன்னால் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம், கையில் கத்தி. நாச்சிமுத்து சற்றுத் தள்ளி, படிக்கட்டில்.

"மேடைக்குப் பின்னாடி சுவரு பூராப் பித்தளையா மின்னோணும்," என்றார் அவினாசியப்பன். "தகடு அடிக்கலாம்னா சுவரு தாங்காதுன்னு இஞ்சினியர் சொல்லிப்போட்டாரு. நீங்க ஏதோ பூசறதுன்னீங்களாமா?"

சிகாமணி பையிலிருந்து மாதிரியை எடுத்து நீட்டினார். ஒரு சதுர அடிப் பலகை. பாதி பித்தளை, பாதி வெறும் மரம், நடுவே ஒரு கோடு.

"பித்தளைதானுங்க. அசல் பித்தளை. தண்ணியாட்டப் பூசறதுங்க."

"பூசறப்ப சூடு எவ்வளவுங்க?" என்றாள் மாராத்தாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சூடே இல்லீங்க்கா. பச்சைத் தண்ணியாட்ட இருக்கும்."

கத்தி நின்றது. "கொதிக்காம பித்தளை எப்படிங்க தண்ணியாகும்? தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல போகோணும். இங்க, நீங்க நிக்கறீங்களே அதே எடத்துலதான் உருக்கீருக்கறோம்."

இதற்குப் பதில் சிகாமணிக்குத் தெரியும். பித்தளையை மாவாக அரைத்து, பிசினில் கலக்கி, கெட்டியாக்குகிற மருந்து ஒரு மூடி ஊற்றிப் பூசுவது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் மேலே பிசின் போய், உள்ளே இருக்கிற உலோகம் வெளியே வரும். தொட்டால் சில்லென்று இருக்கும். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். ஆறு மாதமாக வீடு வீடாகப் போய் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் இரண்டாவது நிமிடத்தில் போனை எடுத்துப் பார்த்தார்கள். இதோ, அவினாசியப்பனின் கையும் சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா இப்படிக் கேட்டீங்க," என்றார் சிகாமணி. "சார்ஜாவுல ஒரு பழைய இரும்புக்காரனும் இதையேதான் கேட்டான்."

அவினாசியப்பனின் கை பாதி வழியில் நின்றது.

"நகைக்கடை ஒண்ணுக்கு முகப்புச் சுவரு பூராப் பித்தளை தெளிச்சேனுங்க. மறுநா விடியக்காலைல அவன் வந்து நிக்கறான், கையில காந்தத்தோட. நோட்டம் பாக்கறதுக்கு."

"பித்தளையில எங்கிங்க காந்தம் ஒட்டும்?" என்றாள் மாராத்தாள்.

சிகாமணிக்கு அரை விநாடி வியர்த்தது. "அதேதானுங்க்கா! ஒட்டலை. ஒட்டலைன்னதும் அசல் பித்தளைன்னு முடிவு பண்ணிப்போட்டான். மத்தியானம் கிரேன் கொண்டாந்து சுவத்தை அப்படியே பேத்து லாரியில ஏத்தறான். உள்ள உக்காந்து நகை பாத்துட்டிருந்த பொம்பளைங்க, கடை முன்பக்கம் தொறந்து கெடக்குதுன்னு வெயிலுக்குக் குடை பிடிச்சிட்டுப் பாத்துட்டே இருந்தாங்க."

"தெளிச்சது நீங்களா?" என்றார் அவினாசியப்பன்.

"பின்ன?"

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தெளித்தது ரோடல். பிலிப்பைன்ஸ்காரன், தங்கமான பையன், ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். சிகாமணியின் வேலை, ரோடல் வருவதற்கு முன்னால் ஓரத்தில் டேப் ஒட்டுவது. பித்தளை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதற்காக. ரோடல் போன பிறகு அதைக் கழற்றுவது. பத்தொன்பது வருடம், ஒட்டுவது, கழற்றுவது. விமானம் ஏறிப் போய் அவர் கற்றுக்கொண்டு வந்த கலையின் முழு வரலாறும் இதுதான். இதைக் கலாமணியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. கலாமணியும், "சரி, ஒட்டுனீங்க, நல்லா ஒட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டாள்.

அவினாசியப்பன் போனை மறந்து நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்திருந்தார். "சுவத்துல சரி. துணிமணி, திரைச்சீலை பட்டா ஒட்டிக்குமா? பின்னால பட்டுத் திரை தொங்குதுங்க."

ஒட்டாமல் இருக்கத்தான் டேப்பும் காகிதமும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஒட்டுமான்னா கேக்கறீங்க? ஒருநா கன் முனை திரும்பி, திரைச்சீலை பூராப் பித்தளை ஆகிப்போச்சு. காத்தடிச்சா கணீர் கணீர்னு சத்தம். எதுத்தாப்புல ஒரு பள்ளிக்கூடம். பெல் அடிச்சிருச்சுன்னு பசங்க பைய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறானுங்க. காத்து ஜாஸ்தியான மாசம் பரீட்சையே நடக்கலை. பத்தாவதுல பூராப் பேரும் மறு வருசம் மறுபடியும் பத்தாவது."

"அடக் கெரகமே," என்றாள் மாராத்தாள். "அந்தப் பசங்க இப்ப எங்க, இன்னும் பத்தாவதுதானா?"

"சிலது காத்தில்லாத ஊருக்கு மாறி பாஸாயிருச்சுங்க."

அவினாசியப்பன் சிரித்தார். சிகாமணிக்குள் ஏதோ ஒன்று எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது. படிக்கட்டில் நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மாதிரிப் பலகையைக் கையில் வாங்கியவர் வாங்கியவர்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்தோடு வாசலை மறிக்கிறவர்கள் யாரையும் சிகாமணிக்குப் பிடிப்பதில்லை. இவரைப் பார்க்கப் பார்க்க வாய் இன்னும் வேகம் பிடித்தது.

"மினுமினுப்பு எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்றார் அவினாசியப்பன்.

"அது நிக்கறது பிரச்சினை இல்லீங்க. போகமாட்டேங்கறதுதான் பிரச்சினை. ஒரு ஷேக்கு வீட்டுக் கூடத்துக்குப் பாலீஷ் போட்டேன் பாருங்க, முகம் பாத்தா முகம் உள்ள போயி தங்கிக்கும். ஷேக்கு காலைல எட்டு மணிக்கு வெளிய போயிருவாரு, சுவத்துல அவரு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. வேலைக்காரங்க பயந்துட்டு உக்காரவே மாட்டாங்க. ஒருநா ஷேக்கு தாமசமா வர்றாரு, உள்ள நொழைஞ்சா எல்லாரும் அழுதுட்டு நிக்கறாங்க. என்னடான்னா, சுவத்துல இருக்கறவரு அதுக்குள்ளயே எல்லாரையும் திட்டி முடிச்சிட்டாரு."

"அப்ப நம்ம மேடையில?" என்றாள் மாராத்தாள். "காலைல ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். காலைல வந்த மாப்பிள்ளை சுவத்துல நின்னுட்டிருந்தா, சாயங்காலப் பொண்ணு எந்த மாப்பிள்ளைக்கு மாலை போடறது?"

இதை சிகாமணி எதிர்பார்க்கவில்லை. அவினாசியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு யோசனை வந்து நின்றது. மண்டபம் நடத்துகிறவரின் யோசனை. சிகாமணி அவசரமாக அதைத் துடைக்கப் பார்த்தார்.

"இங்கெல்லாம் அத்தனை பாலீஷ் போடமாட்டனுங்க."

"பழசாகாதா? பித்தளை கருக்குமே," என்றார் அவினாசியப்பன்.

"பழசாக்கறதும் நம்ம கையிலதானுங்க இருக்குது. அதுக்குன்னு ஒரு மருந்து. ஒரு மூடி ஊத்தித் தடவுனா அம்பது வருசத்துப் பித்தளையாட்டப் பச்சை பூத்துரும். ஒருத்தரு வீட்ல சாப்பாட்டு ரூம்புச் சுவத்துக்குத் தடவறப்ப, கை தவறி நாலு மூடி ஊத்திட்டேன். காலைல பத்து மணிக்குப் பூசுன சுவரு, பதினோரு மணிக்கு நூறு வருசம், சாப்பாட்டு நேரத்துக்கு நானூறு வருசம் ஆயிப்போச்சு. மூணு மணிக்குத் தொல்பொருள் துறையிலிருந்து ஆளுங்க வந்துட்டாங்க. கம்பி வேலி போட்டு போர்டு வெச்சுட்டாங்க, 'பாதுகாக்கப்பட்ட சின்னம், தொடாதே'ன்னு. வீட்டுக்காரரு டிக்கெட் எடுத்துட்டுத்தான் உள்ள போயிச் சோறு திங்கோணும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்னிக்குப் பட்டினி."

உண்மையில் அன்று நடந்தது, சிகாமணியின் முழங்கை பட்டு மருந்து பாட்டில் கவிழ்ந்தது. ரோடல் மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் சுவரைச் சரிசெய்தான். அந்த மூன்று நாளும் சிகாமணி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு, கண்ணில் படாமல் நடமாடினார். பொய் என்பது தான் அசிங்கப்பட்ட இடங்களில் எல்லாம் பித்தளை பூசுகிற வேலை போலிருக்கிறது என்று அவருக்கு இப்போது தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏசி போட்டிருக்குது. காத்துக்கு உரிஞ்சு வராதா?" என்றார் அவினாசியப்பன்.

"காத்தா!" சிகாமணி ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் எடுத்துக்கொண்டார். "ஓட்டல் ஒண்ணுல ஏசி ஓடறப்பவே தெளிச்சேனுங்க. சுவத்துக்குப் போகவேண்டிய பித்தளை காத்து மேலயே படிஞ்சு கெட்டியாயிருச்சு. ஆறடிக்கு நாலடி, ஏசிக் காத்து, பித்தளையில. ஆறு பேரு தூக்கி வெளிய கொண்டாந்து வெச்சோம். அதும்மேல படுத்தா குளுகுளுன்னு இருக்கும். இன்னிக்கும் அந்த ஓட்டல்ல கரண்டு போச்சுன்னா மேனேஜரு அதும்மேலதான் படுக்கறாரு."

மாராத்தாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க," என்றாள், "அப்ப எங்க பவுண்டரியில நாங்க பண்ணுனது ஒண்ணுமே இல்லீங்களா? இருபத்திரண்டு வருசம் மணல் புடிச்சேன். ஒரு கதைகூடத் தேறமாட்டேங்குதே."

சிரிப்பு அடங்கியதும் அவினாசியப்பன் நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வு எதுவென்று சிகாமணிக்குத் தெரியும். படம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சாய்கிற சாய்வு. ஆறு மாதமாகச் சலிப்பைத்தான் பார்த்திருந்தார். இன்றைக்கு நன்றாகச் சிரித்துவிட்டு இல்லை என்று சொல்லப்போகிறார்கள். பூட்டு எந்தக் கடையில் வாங்கலாம் என்று அவர் மனம் கணபதிக் கடைத்தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தது.

"என்னங்க நாச்சிமுத்து?" என்றார் அவினாசியப்பன். பவுண்டரிக் காலத்திலிருந்தே அப்படித்தான். உலை திறக்கலாமா வேண்டாமா என்று கடைசியில் அவரைத்தான் கேட்பார்.

நாச்சிமுத்து பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டைவிரலை, பித்தளை முடிந்து மரம் ஆரம்பிக்கிற கோட்டின்மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

"நடுவுல அலையலையா இருக்குது," என்றார். "கத்துக்குட்டி வேலை. ஆனா இந்த ஓரம்..." நிமிர்ந்து முதல்முறையாக சிகாமணியைப் பார்த்தார். "இந்த ஓரம் யாரு தம்பி பண்ணுனது?"

ரோடல் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அது பொய். காலை பத்து மணியிலிருந்து எத்தனையோ சொன்ன வாய், இந்த ஒரு பொய்க்கு மட்டும் திறக்கமாட்டேன் என்றது.

"நானுங்க," என்றார் சிகாமணி. "நடுவும் நான்தான். அது பாத்துப் பழகுனது, சரியா வரலை. அங்க கன் புடிச்சது வேற ஆளுங்க. எனக்கு டேப் ஒட்டறது மட்டும்தான் வேலை. பத்தொம்பது வருசமும் டேப் மட்டும்தானுங்க."

மாராத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தமுறை வெங்காயத்தால் அல்ல. "அய்யோ சாமி, இதுதான் எல்லாத்துக்கும் மேல! பத்தொம்பது வருசம் டேப் ஒட்டறதுக்குன்னு ஒரு ஆளை அங்க வெச்சுச் சோறு போட்டாங்களா?"

"இந்தப் புளுகை நான் நம்பமாட்டேன்," என்றார் அவினாசியப்பனும். "பித்தளைக் காத்தைக்கூட ஒரு நிமிசம் நம்புனேன்."

இனி சிகாமணி பேசிப் புரியவைக்க வழி இல்லை. வாயில் இருந்த சரக்கை எல்லாம் ஏற்கெனவே கெடுத்தாகிவிட்டது. பேன்ட் பையில் கையை விட்டார். கர்ச்சீப்பை மறந்துவிட்டு வருகிற நாள் உண்டு, டேப்பை மறந்த நாள் கிடையாது. எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

பின்சுவர் இருபத்தெட்டு அடி. இடது ஓரத்தில், தோள் உயரத்தில், டேப்பின் நுனியை ஒட்டினார். அளவுகோல் இல்லை, சுண்ணாம்புக் கயிறு இல்லை. டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தியபடி பக்கவாட்டில் நடந்தார். பேசவில்லை. இந்த ஒரு வேலையின்போதுதான் அவருக்குப் பேச வராது. காலம் பூராவும் அதனால்தான் இதைப் பற்றி யாரிடமும் ஒரு கதையும் சொல்ல முடிந்ததில்லை.

வலது ஓரத்தில் டேப்பைக் கிழித்து முடித்ததும் நாச்சிமுத்து எழுந்து வந்தார். "மாராத்தா, அந்தப் பூக்கட்ற நூலைக் கொண்டா." நூலின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர் இழுத்து, டேப்பின் மேல்விளிம்போடு வைத்தார். நூல் இங்கிருந்து அங்கேவரை விளிம்பின்மேல் படுத்துக்கொண்டது. எங்கேயும் ஒரு மயிரிழை விலகவில்லை. நாச்சிமுத்து நடந்துபோய் நடுவில் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"கழட்டறப்ப?" என்றார்.

"பூச்சு பாதி இறுகியிருக்கறப்பக் கழட்டோணுமுங்க. முந்துனா வழிஞ்சிரும். பிந்துனா பித்தளையையும் சேத்துப் பிச்சிட்டு வந்துரும். நேரத்துக்குக் கழட்டலைன்னா பூசுனதெல்லாம் வீண்தானுங்க. விரலை வெச்சாத் தெரியும் எனக்கு."

"மணலும் அப்படித்தான்," என்றார் நாச்சிமுத்து. முதலாளி பக்கம் திரும்பினார். "சொன்னதுல இது ஒண்ணுதானுங்க நெசம்."

அவினாசியப்பன் நூலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாராத்தாள் நூலைச் சுருட்டிக்கொண்டே, "அந்தச் சுவரு பூராப் பேத்த கிரேனுக்கும் இவருதான் டேப் ஒட்டியிருப்பாரு," என்றாள். ஆனால் குரலில் முன்னிருந்த காரம் இல்லை.

"மேடைச் சுவரு இப்பக் கிடையாது," என்றார் அவினாசியப்பன் கடைசியில். "பந்தி நடக்கற எடத்துல கைகழுவற சுவரு இருக்குது, எட்டடி. அதுல பண்ணிக் காட்டுங்க. நடுவு அலையில்லாம வரட்டும். வந்துச்சுன்னா மேலே பேசலாம்."

கைகழுவுகிற சுவர். எச்சில் தெறிக்கிற, பல்குச்சி குத்தி வைக்கிற சுவர். ஆனாலும் ஆறு மாதத்தில் சிகாமணிக்குக் கிடைத்த முதல் சுவர். சரிங்க, நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போயிருந்தால் அன்றைய கணக்கு கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் நாச்சிமுத்து அந்த நேரம் பார்த்து, டேப்பை இன்னொரு முறை தடவிவிட்டு, "இருபத்தெட்டடி நேரா ஒட்டீட்டியேப்பா," என்று சொல்லித் தொலைத்தார்.

"இதென்னங்க," என்றார் சிகாமணி. நாக்கு அவரைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. "கடலையும் வானத்தையும் பாத்திருக்கீங்களா? ரெண்டும் நீலம். எங்க இது முடியுது, எங்க அது ஆரம்பிக்குதுன்னு தெரியாம அங்க கப்பலெல்லாம் மேல ஏறிப் போயிட்டிருந்துச்சு. என்னைத்தான் கூப்பிட்டாங்க. படகுல போயி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடுவுல டேப் ஒட்டுனவனே நான்தானுங்க. இன்னிக்கும் போயிப் பாருங்க, அடிவானம் எத்தனை நேரா இருக்குதுன்னு!"

மாராத்தாள் வெங்காயத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். "நேரத்துக்குக் கழட்டலைன்னா வீண்தான்னீங்க. அதை எப்பங்க கழட்டறது?"

"அதுக்குத்தானுங்க்கா வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டிருக்கறேன்."

அவினாசியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அது அங்கயே ஒட்டிட்டுக் கெடக்கட்டும்," என்றார். "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க. எட்டு மணிக்கு முதல் பந்தி, அப்பறம் சுவரு ஈரமாயிரும்."